சோறும் கோழியும் போதுமா? வீட்டுச் சாப்பாட்டில் நாய்க்குக் கால்சியம் எங்கிருந்து வரும்?

கரிசல்காடு
எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் கோவில்பட்டி பக்கம். வீட்டில் ஒரு சிப்பிப்பாறை இருக்கிறான். ஆண், மூன்று வயது, கருத்தடை ஆனவன், எடை 20 கிலோ. குட்டியிலிருந்தே வீட்டுச் சாப்பாடுதான். காலையில் சோறும் எலும்பு நீக்கி வேகவைத்த கோழியும். ராத்திரி தயிர் சோறு. இடையிடையே ஒரு முட்டை, கொஞ்சம் கேரட்.

ஓட்டத்துக்கும் துள்ளலுக்கும் குறைவில்லை. ஆனால் கொஞ்ச நாளாக முடியில் பொலிவு இல்லை. வாயோரத்திலும் முழங்கையிலும் தோல் செதில் செதிலாக உரிகிறது. உண்ணி, பூஞ்சை இரண்டும் இல்லை என்று பார்த்துவிட்டார்கள். தடுப்பூசிக்குக் கொண்டுபோனபோது டாக்டர் "சாப்பாட்டில்தான் ஏதோ குறைகிறது" என்றார். வெளியே வரிசை நீண்டிருந்ததால் விவரமாகக் கேட்க முடியவில்லை.

பாக்கெட் தீனிக்கு மாற மனமில்லை. அம்மா தினமும் அவனுக்கென்று தனியாக உலை வைக்கிறார். அந்தச் சமையலையே சரியாகச் செய்ய வேண்டும். எலும்பே போடாத வீட்டில் கால்சியம் எங்கிருந்து வரும்? அடுத்த மாதம் இன்னொரு சிப்பிப்பாறைக் குட்டியும் வருகிறது. அதற்கும் இதே சாப்பாடு ஆகுமா?

கொங்குமண்
தம்பி, ரொம்பக் குழப்பிக்கொள்ள வேண்டாம். எங்கள் தோட்டத்தில் தாத்தா காலத்திலிருந்து நாய் இல்லாத நாளே கிடையாது. ராகிக் களி, மோர், ஆடு அடித்தால் கழிவு. அவ்வளவுதான் சாப்பாடு. ஒன்றுக்கும் எலும்பு முறிந்ததில்லை, ஒன்றுக்கும் தோல் உரிந்ததில்லை. ராகியில் இல்லாத கால்சியமா? அரிசியை நிறுத்திவிட்டு ராகிக்கு மாறிப் பாருங்கள்.

பரங்கிமலை
மாற்றுக் கருத்து ஒன்றைப் பதிவு செய்கிறேன். கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் நாய்களுக்கான 200 வீட்டுச் சமையல் குறிப்புகளை எடுத்துச் சோதித்தார்கள். புத்தகங்களிலும் இணையத்திலும் வந்தவை, கால்நடை மருத்துவர்கள் எழுதியவையும் அதில் உண்டு. 2013-இல் முடிவு வெளியானது. நூற்றுக்கு 95 குறிப்புகளில் தேவையான சத்து ஒன்றாவது குறைவு. பெரும்பாலானவற்றில் ஒன்றுக்கு மேல் குறைவு. எழுதிவைத்த குறிப்புக்கே அந்த நிலை என்றால், கண்ணளவில் போடும் சாப்பாடு எப்படி இருக்கும் என்று யோசியுங்கள்.

நல்ல பாக்கெட் தீனியில் கால்சியம், துத்தநாகம் (ஜிங்க்), அயோடின் எல்லாம் அளந்து சேர்த்திருக்கிறார்கள். "முழுமையான, சமச்சீரான உணவு" என்று உறையில் இருக்கிறதா என்று பார்த்து வாங்கினால் போதும். அன்பாகச் சமைப்பது வேறு, சத்து சரியாக இருப்பது வேறு.

கால்நடை_களம்
கால்நடை மருத்துவம் படித்து, சிறு பிராணிகளைப் பார்க்கும் வேலையில் இருக்கிறேன். மூவர் சொன்னதிலும் உண்மை இருக்கிறது. ஒவ்வொன்றாக வருகிறேன்.

முதலில் தயிர் சோறு. கணக்குப் போட்டுப் பாருங்கள். வடித்த சோறு 600 கிராம், தயிர் 350 கிராம். இரண்டும் சேர்ந்தால் 1000 கிலோ கலோரியை ஒட்டி வரும். அதில் புரதம் சுமார் 28 கிராம், கால்சியம் சுமார் 550 மில்லிகிராம். வளர்ந்த நாய்க்கு 1000 கிலோ கலோரிக்குப் புரதம் 45 கிராமும் கால்சியம் 1250 மில்லிகிராமும் இருக்க வேண்டும் என்பது அமெரிக்கத் தீவனக் கட்டுப்பாட்டு அலுவலர் சங்கம் வைத்திருக்கும் குறைந்தபட்ச அளவு. புரதத்திலும் பற்றவில்லை, கால்சியத்தில் பாதிகூட இல்லை. தயிர் சோறு கெடுதல் இல்லை. வயிறு சரியில்லாத நாளில் நல்லதுதான். ஆனால் அதை ஒரு வேளைச் சாப்பாடாக வருஷக்கணக்கில் போட்டால் குறை சேர்ந்துகொண்டே போகும்.

கோழியும் சோறும் வேறு மாதிரிச் சிக்கல். எலும்பில்லாத கோழிக்கறி 100 கிராமில் பாஸ்பரஸ் 200 மில்லிகிராம் அளவுக்கு இருக்கும். கால்சியம் 10 முதல் 15 மில்லிகிராம்தான். நாயின் உடம்புக்கு இந்த இரண்டும் ஒன்றுக்கு ஒன்றிலிருந்து, கால்சியம் இரண்டு பங்கு பாஸ்பரஸ் ஒரு பங்கு வரை இருக்கலாம். இங்கே தலைகீழாக, பாஸ்பரஸ் பதினைந்து மடங்கு. ரத்தத்தில் கால்சியம் குறையும்போது பாராதைராய்டு சுரப்பி எலும்பிலிருந்து கால்சியத்தை இழுத்து ஈடுகட்டும். வளர்ந்த நாயில் இது வெளியே தெரிய வெகுகாலம் ஆகும். குட்டியில் சில வாரங்களிலேயே தெரியும். கால் வளையும், எக்ஸ்ரேயில் எலும்பு அடர்த்தியில்லாமல் மங்கித் தெரியும், சும்மா கட்டிலிலிருந்து குதித்தாலே முறியும். வெறும் கறி, வெறும் கறியும் சோறும் சாப்பிட்டு வந்த குட்டிகளை நான் அப்படிப் பார்த்திருக்கிறேன். அது பார்க்கவே வேதனையான காட்சி.

கொங்குமண் ஐயாவுக்கு: ராகியில் கால்சியம் இருப்பது உண்மை. 100 கிராம் மாவில் 340 மில்லிகிராமுக்குக் குறையாது, அரிசியோடு ஒப்பிடவே முடியாது. ஆனால் அதிலேயே பைட்டேட்டும் ஆக்சலேட்டும் இருக்கின்றன. அவை கால்சியத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும், முழுதும் உடம்பில் சேராது. அப்புறம், உங்கள் தோட்டத்து நாய் களி மட்டுமா சாப்பிட்டது? வயலில் எலி பிடித்திருக்கும், முயல் பிடித்திருக்கும், ஆடு குட்டி போட்டால் நஞ்சுக்கொடி தின்றிருக்கும், பச்சை எலும்பைக் கடித்திருக்கும். தட்டில் வைத்தது பாதி, அது தேடிக்கொண்டது பாதி. காம்பவுண்டுக்குள் வளரும் நாய்க்கு அந்தப் பாதி கிடையாது. நாம்தான் தட்டில் வைக்க வேண்டும்.

பரங்கிமலை சொன்ன ஆய்வு சரியானதுதான். ஆனால் அதிலும் எல்லாச் சத்தும் சரியாக இருந்த குறிப்புகள் சில இருந்தன. ஆகவே வீட்டில் முடியாது என்று அர்த்தமில்லை. அளக்காமல் முடியாது.

கரிசல்காடு, திரையில் பார்த்து நோயைச் சொல்லக் கூடாது. என்றாலும் வாயோரம், முழங்கையில் செதில், மங்கிய முடி, சோறு கோழி தயிர் மட்டும் உணவு என்று ஒருவர் சொன்னால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது துத்தநாகக் குறைவு. அதைப் பிறகு எழுதுகிறேன், இப்போது ஓபி நேரம்.

மணிமுத்தாறு
டாக்டர் சொன்னது நூற்றுக்கு நூறு. நான் பல வருஷமாக வீட்டில் சமைத்துத்தான் போடுகிறேன், இப்போது இருப்பவை மூன்று. திருநெல்வேலி பக்கம். செய்முறையாகச் சொல்கிறேன், கரிசல்காட்டுக்கு உதவும்.

முதலில் உங்கள் பையனுக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு வேண்டும் என்ற கணக்கு. போன் கால்குலேட்டர் போதும். எடையை மூன்று முறை பெருக்குங்கள்: 20 × 20 × 20 = 8000. அதற்கு வர்க்கமூலம், வந்த விடைக்கு மறுபடி வர்க்கமூலம். 9.46 வரும். அதை 70-ஆல் பெருக்கினால் 662. சும்மா படுத்திருந்தாலே செலவாகும் கிலோ கலோரி அது. கருத்தடை ஆன வளர்ந்த நாய்க்கு அதை 1.6-ஆல் பெருக்க வேண்டும், ஏறக்குறைய 1050. இது தொடக்கப் புள்ளிதான். சிப்பிப்பாறை ஓடுகிற ஜாதி, கூடுதலாகவும் கேட்கலாம். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை எடை பார்த்துக் கூட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள்.

1050 கிலோ கலோரிக்கு நான் போடுவது இப்படி இருக்கும். எல்லாம் சமைக்கும் முன் எடை.

எலும்பு, தோல் நீக்கிய கோழித் தொடைக்கறி 350 கிராம்
அரிசி 100 கிராம் (புழுங்கலரிசி, பச்சரிசி எதுவும் சரி)
மத்தி மீன் 50 கிராம்
முட்டை 1
கோழி ஈரல் 30 கிராம்
பூசணி, கேரட், பீன்ஸ், சுரைக்காய் இவற்றில் ஏதாவது இரண்டு, சேர்த்து 100 கிராம்
சூரியகாந்தி எண்ணெய் அல்லது நல்லெண்ணெய் 1 டீஸ்பூன்
முட்டை ஓட்டுப் பொடி முக்கால் டீஸ்பூன்
அயோடின் உப்பு ஒரு சிட்டிகை

அரிசியைக் குழைய வேகவிடுங்கள். கறி, ஈரல், காய் மூன்றையும் கொஞ்சம் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டாமல் சோற்றிலேயே ஊற்றிப் பிசையுங்கள். இதயத்துக்கு வேண்டிய டாரின் போன்ற சத்துகள் தண்ணீரில் கரைந்து இறங்கிவிடும், கொட்டினால் போச்சு. முட்டையை வேகவைத்துத்தான் போட வேண்டும். பச்சை வெள்ளைக்கரு பயோட்டின் என்ற வைட்டமினைச் சேரவிடாமல் தடுக்கும். எண்ணெயும் ஓட்டுப் பொடியும் ஆறியபின் கலப்பது.

ஈரலை ஆசைக்கு அதிகம் போடாதீர்கள். நாய்கள் அதற்காக உயிரை விடும், அது வேறு விஷயம். ஆனால் ஈரலில் வைட்டமின் ஏ மிக அதிகம், உடம்பில் தேங்கும். மொத்தச் சாப்பாட்டில் இருபதில் ஒரு பங்கு என்ற அளவில் நிறுத்திக்கொள்கிறேன்.

இதை இரண்டு வேளையாகப் பிரித்துக் கொடுங்கள். சிப்பிப்பாறை மாதிரி நெஞ்சு ஆழமான நாய்களுக்கு ஒரே வேளையில் வயிறு நிறையப் போட்டு உடனே ஓடவிடக் கூடாது. வயிறு ஊதி முறுக்கிக்கொண்டால் சில மணி நேரத்தில் உயிர் போய்விடும்.

கரிசல்காடு
ரொம்ப நன்றி மணிமுத்தாறு அக்கா. முட்டை ஓட்டுப் பொடி எப்படிச் செய்வது? கடையில் விற்கும் கால்சியம் டானிக்கை ஊற்றினால் ஆகாதா?

மணிமுத்தாறு
ஓட்டைக் கழுவி, பத்து நிமிஷம் கொதிக்கவிட்டு, வெயிலில் நன்றாகக் காயவையுங்கள். பிறகு மிக்ஸியில் மாவு மாதிரி அரைத்து, மெல்லிய துணியில் சலியுங்கள். நெருநெருவென்று இருக்கவே கூடாது, கோலப்பொடி பதம் போதாது, மைதா மாதிரி வர வேண்டும். ஒரு டீஸ்பூன் 5 கிராம் எடை இருக்கும், அதில் 1900 மில்லிகிராமை ஒட்டிக் கால்சியம். பாஸ்பரஸ் இல்லை என்றே சொல்லலாம். கறியில் பாஸ்பரஸ் கொட்டிக் கிடப்பதால் நமக்கு வேண்டியதும் அதுதான்.

டானிக்கில் ஒன்றுக்கொன்று அளவு வேறுபடும். பலவற்றில் பாஸ்பரஸும் சேர்ந்தே இருக்கும், வைட்டமின் டி-யும் இருக்கும். லேபிளைப் படிக்காமல் ஊற்றினால் எது எவ்வளவு போகிறது என்றே தெரியாது.

தெப்பக்குளம்
மதுரையிலிருந்து. நாங்கள் சைவம். லாப்ரடார் பெண் குட்டியாக வந்தவள், இப்போது ஐந்து வயது. முட்டை வரைக்கும் வீட்டில் சம்மதம், கறி, மீன் சமைக்க முடியாது. பருப்புச் சாதம், தயிர், பன்னீர், தினம் ஒரு முட்டை கொடுக்கிறோம். பாவம் செய்கிறோமோ என்று இந்த இழையைப் படித்ததும் மனசு அடித்துக்கொள்கிறது. வழி உண்டா?

பட்டணக்கரை
நாகப்பட்டினம் பக்கம், மீனுக்குக் குறைவில்லாத ஊர். மத்தி பற்றி ஒரு வார்த்தை. குடலும் தலையும் எடுத்துவிட்டு, குக்கரில் கொஞ்சம் தண்ணீர் விட்டு, சிறு தீயில் அரை மணிக்கு மேல் வைத்தால் முள் விரலில் நசுங்கும் அளவுக்கு வெந்துவிடும். அப்படியே பிசைந்து கலக்கலாம். முள்ளிலிருந்து கால்சியமும் கிடைக்கும். முள் விரலுக்குக் கடினமாகத் தட்டுப்பட்டால் மறுபடி அடுப்பில் ஏற்றுங்கள். பெரிய மீன் முள்ளுக்கு இது சரிப்படாது.

பச்சையாகப் போடுவதை இங்கே பலர் செய்கிறார்கள், வேண்டாம். மத்தி, நெத்திலி இரண்டிலும் வைட்டமின் பி1-ஐ அழிக்கும் நொதி இருக்கிறது. வேகவைத்தால் அது செத்துவிடும். கருவாடு போடவே போடாதீர்கள், எவ்வளவு ஊறவைத்தாலும் உப்பு போகாது.

கால்நடை_களம்
பட்டணக்கரைக்கு நன்றி. மத்திக்கு இன்னொரு பெருமையும் உண்டு. மனிதருக்கு வெயில் பட்டால் தோலில் வைட்டமின் டி உண்டாகும். நாய்க்கு அப்படிப் போதிய அளவு உண்டாகாது, சாப்பாட்டில்தான் வர வேண்டும். நாள் முழுக்க வாசலில் வெயில் காய்ந்தாலும் பயனில்லை. நம் ஊரில் மலிவாகக் கிடைப்பதில் மத்தியும் முட்டை மஞ்சள் கருவும்தான் அதற்கு வழி. தோலுக்கும் மூட்டுக்கும் நல்ல ஒமேகா 3 கொழுப்பும் மத்தியில் இருக்கிறது.

தெப்பக்குளம் அம்மா, மனசைப் போட்டு வருத்திக்கொள்ளாதீர்கள். பூனைக்கு இறைச்சிச் சத்து இல்லாமல் முடியாது. நாய் அப்படி அல்ல. மனிதரோடு வாழ ஆரம்பித்தபின் மாவுச்சத்தைச் செரிக்கும் திறன் நாய்க்குக் கூடியிருக்கிறது. ஓநாயில் இரண்டே பிரதி இருக்கும் அமைலேஸ் மரபணு, நாயில் நான்கிலிருந்து முப்பது பிரதி வரை பெருகியிருப்பதை 2013-இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் காட்டினார்கள். முட்டையும் பாலும் சேரும் சைவத்தில் வளர்ந்த நாயை ஆரோக்கியமாக வைக்க முடியும்.

ஆனால் சில மாற்றம் வேண்டும். ஒரு முட்டை லாப்ரடாருக்குப் போதாது, குறைந்தது மூன்று வேண்டும். பன்னீர் தொடரட்டும். பருப்பை மட்டுமே புரதத்துக்கு நம்பாதீர்கள். பட்டாணி, பருப்பு வகை அதிகம் சேர்த்த தானியமில்லாத தீனிக்கும் இதயத் தசை தளரும் நோய்க்கும் தொடர்பு இருக்கிறதா என்று 2018-இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் விசாரணை தொடங்கியது. உறுதியான முடிவு வரவில்லை. நான் கவனமாக இருப்பதையே விரும்புகிறேன். டாரின், வைட்டமின் டி, துத்தநாகம் இவை உங்கள் மெனுவில் போதிய அளவு தானாக வராது, மருந்தாகத்தான் சேர்க்க வேண்டும். உங்கள் டாக்டரிடம் எடைக்கு ஏற்ற அளவு கேளுங்கள். குட்டிக்கும் சினை நாய்க்கும் மட்டும் வீட்டில் செய்யும் சைவ உணவு வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

இன்னொன்று. லாப்ரடார் கொழுக்கும் ஜாதி. பருப்புச் சாதத்தில் நெய் விடுகிறீர்களா?

தெப்பக்குளம்
விடுகிறோம் டாக்டர். இனி நிறுத்திவிடுகிறோம். விலா எலும்பு கைக்குத் தட்டுப்பட வேண்டும் என்று சொல்வார்களே, இவளுக்கு அழுத்தித் தேட வேண்டியிருக்கிறது.

கால்நடை_களம்
அப்படியென்றால் எடை கூடுதல்தான். லேசாகத் தடவினாலே விலா தட்டுப்பட வேண்டும், மேலிருந்து பார்த்தால் இடுப்பு ஒடுங்கித் தெரிய வேண்டும். சிப்பிப்பாறை, கன்னி ஜாதி நாய் வளர்ப்பவர்களுக்கு இதில் எதிர்ப்பக்கம் கவனம் வேண்டும். அவற்றுக்கு ஓரிரு விலா கண்ணுக்குத் தெரிவதே இயல்பு. சொந்தக்காரர்கள் "எலும்பும் தோலுமாக இருக்கிறதே" என்று சொன்னதற்காகச் சோற்றைக் கூட்டாதீர்கள்.

கொங்குமண்
டாக்டர், எலி முயல் விஷயம் நான் யோசிக்காதது. ஒப்புக்கொள்கிறேன், எங்கள் நாய்கள் ராத்திரியெல்லாம் காட்டில்தான் இருந்தன. ஆனால் ஒன்று கேட்கிறேன். வீட்டில் மீந்த குழம்பு, பிரியாணி, எலும்பு எல்லாம் போட்டுத்தானே ஊர் முழுக்க நாய் வளர்கிறது? நாய்க்கு வெங்காயம் விஷம் என்று டாக்டர்கள் சொல்கிறார்கள், எங்கள் நாய்க்கு ஒன்றும் ஆனதில்லையே.

கால்நடை_களம்
நல்ல கேள்வி ஐயா, பலர் மனதில் இருப்பது. வெங்காயமும் பூண்டும் சாப்பிட்டவுடன் சுருண்டு விழவைக்கும் விஷம் அல்ல. ரத்தச் சிவப்பணுக்களைச் சேதப்படுத்தும், அவை உடைந்துபோகும். அறிகுறி தெரிய சில நாள் ஆகலாம். ஈறு வெளுக்கும், சிறுநீர் காப்பி நிறத்தில் போகும், நாய் சோர்ந்து படுக்கும். கொஞ்சம் கொஞ்சமாகத் தினமும் போனாலும் ரத்தசோகை வரலாம். அது வெங்காயத்தால் வந்தது என்று யாரும் கண்டுபிடிப்பதில்லை, உண்ணிக் காய்ச்சல் என்று நினைத்துவிடுவோம். வேகவைத்தாலும் பொடியாக்கினாலும் விஷம் போகாது. குழம்பு, பிரியாணி, சால்னா இவற்றில் வெங்காயம் இல்லாமல் ஏது? அதனால்தான் மீந்ததைப் போடாதீர்கள் என்கிறோம். தாளிக்கும் முன் நாயின் பங்கை எடுத்துவைத்துவிட்டால் வேலை முடிந்தது.

திராட்சை, உலர்திராட்சை இரண்டும் சிறுநீரகத்தைத் தாக்கும், எவ்வளவு தின்றால் ஆபத்து என்று அளவு சொல்ல முடியாது. பாயசத்தில், கேசரியில் போடுகிறோமே, அந்த ஒரு கரண்டியைக்கூட வைக்காதீர்கள். சாக்லேட் கூடாது. சர்க்கரையில்லாத சூயிங்கம், சில பற்பசைகளில் இருக்கும் சைலிட்டால், நாயின் ரத்தச் சர்க்கரையைச் சட்டென்று இறக்கும்.

எலும்பு. வெந்த கோழி எலும்பு ஊசியாகப் பிளக்கும். தொண்டையில், குடலில் குத்தி ஆபரேஷன் வரை வருகிறது. பச்சை எலும்பு அவ்வளவு பிளக்காது, ஆனால் சால்மோனெல்லா கிருமி, பல் உடைதல் இரண்டும் உண்டு. குழந்தைகள் இருக்கும் வீட்டில் பச்சைக் கோழிக்கு நான் ஒத்துக்கொள்வதே இல்லை.

பரங்கிமலை
ஒரு செலவுக் கணக்கும் பார்க்க வேண்டும். 350 கிராம் எலும்பில்லாத தொடைக்கறி தினமும் என்றால் எல்லார் வீட்டிலும் கட்டுப்படியாகாது. இரண்டு நாய் என்றால் இன்னும் கஷ்டம். காலையில் பாக்கெட் தீனி பாதி, ராத்திரி வீட்டுச் சாப்பாடு பாதி என்று எங்கள் வீட்டில் போகிறது. பாதியாவது முழுமையாக இருக்கிறது என்ற நிம்மதி. வீட்டுப் பாதியில் ஓட்டுப் பொடியையும் பாதியாக்கிக்கொள்கிறேன். டாக்டர் இதில் தவறு சொல்வாரா?

கால்நடை_களம்
தவறே இல்லை. வேலைக்குப் போகும் குடும்பங்களுக்கு நானே சொல்லும் வழி அது. செலவைக் குறைக்க இன்னொன்று: கறியில் ஒரு பங்கைக் குறைத்து முட்டையைக் கூட்டலாம். கோழிக்கடையில் கழுத்து, தோல், கால் என்று நாய்க்குத் தனியாகக் கட்டிக் கொடுப்பார்கள், மலிவுதான், ஆனால் அதில் தோலும் கொழுப்பும்தான் பெரும்பகுதி. அதையே நம்பி வளரும் நாய்கள் கணைய அழற்சியோடு வருவதைப் பண்டிகை முடிந்த வாரங்களில் அதிகம் பார்க்கிறோம்.

இப்போது விட்ட இடம், துத்தநாகம். இதை எழுதத்தான் திரும்பி வந்தேன்.

1000 கிலோ கலோரிக்கு 20 மில்லிகிராம் துத்தநாகம் வேண்டும் என்பது அந்த அமெரிக்கச் சங்கத்தின் அளவு. கோழித் தொடைக்கறி 100 கிராமில் 2 மில்லிகிராம்கூட வராது, நெஞ்சுக்கறியில் 1-ஐ எட்டுவதே அபூர்வம். ஆட்டுக்கறியிலும் மாட்டுக்கறியிலும் 4-ஐ ஒட்டி இருக்கும். மணிமுத்தாறு எழுதிய குறிப்பு நான் பார்த்தவற்றில் மிக நல்லது, கால்சியமும் பாஸ்பரஸும் சரியாக உட்காருகின்றன. ஆனால் அதிலும் துத்தநாகம் கூட்டிப்பார்த்தால் 10-ஐத்தான் தொடும், பாதி. கரிசல்காட்டின் இப்போதைய சோறு, கோழி, தயிரில் அதைவிடக் குறைவாகவே இருக்கும்.

இங்கேதான் எச்சரிக்கை. முட்டை ஓடு நல்லதாயிற்றே என்று அளவுக்கு மேல் போட்டால், கூடுதல் கால்சியம் துத்தநாகம் சேருவதைக் கெடுக்கும். ராகியிலும் தவிட்டிலும் இருக்கும் பைட்டேட்டும் அதையே செய்யும். கால்சியம் குறைகிறது என்று ராகியும் ஓட்டுப் பொடியும் அள்ளிப் போட்டால், இந்தப் பையனின் செதில் இன்னும் மோசமாகலாம். அதனால் முக்கால் டீஸ்பூன் என்றால் முக்கால் டீஸ்பூன்தான்.

வாரத்தில் இரண்டு மூன்று நாள் கோழிக்குப் பதில் ஆட்டுக்கறியோ மாட்டுக்கறியோ, கொழுப்பு நீக்கிக் கொடுங்கள். அந்த நாட்களில் கோழி ஈரலுக்குப் பதில் அதே ஆட்டின் ஈரல் ஒரு துண்டு. தாமிரச் சத்து அதில் பல மடங்கு அதிகம், கோழியை மட்டும் நம்பும் வீடுகளில் தாமிரமும் குறைவாகவே இருக்கிறது. மீதிக் குறைக்கு துத்தநாக மருந்து, டாக்டர் எழுதிக்கொடுத்த அளவில்.

அயோடினும் அப்படித்தான். நம் உப்பில் ஒரு கிராமுக்கு 15 மைக்ரோகிராம் அயோடின் கட்டாயம் இருக்க வேண்டும். 20 கிலோ நாய்க்கு ஒரு நாளைக்கு 250 மைக்ரோகிராம் தேவை. உப்பிலேயே அதை எட்ட வேண்டுமென்றால் 15 கிராமுக்கு மேல் போட வேண்டும், அது முடியாத காரியம். கடல் மீன் ஓரளவு ஈடுகட்டும். வைட்டமின் ஈ-யும் குறையும். ஆக, வீட்டுச் சாப்பாடு போடும் எல்லோரும் நாய்களுக்கான தாது, வைட்டமின் பொடி ஒன்றைச் சேர்க்கத்தான் வேண்டும். மனிதருக்கான மாத்திரையை உடைத்துப் போடாதீர்கள், சிலவற்றில் வைட்டமின் டி நாய்க்கு ஆபத்தான அளவில் இருக்கும். எந்தப் பொடி என்று வாங்கும் முன் லேபிளைப் படம் பிடித்து உங்கள் டாக்டரிடம் காட்டுங்கள். அதில் கால்சியம் இருந்தால் ஓட்டுப் பொடியை அதற்கேற்பக் குறைக்க வேண்டும்.

கொங்குமண்
முருங்கைக்கீரை?

கால்நடை_களம்
ஒரு கைப்பிடி, நன்றாக வேகவைத்துப் போடலாம், நல்லதுதான். கால்சியத்துக்கு அதையே நம்பினால் அவன் தின்ன முடியாத அளவு போட வேண்டியிருக்கும். பாலக்கீரை அடிக்கடி வேண்டாம், ஆக்சலேட் அதிகம். சிறுநீர்க் கல் வந்த நாய்க்கு அறவே கூடாது.

கரிசல்காடு
துத்தநாகம் பற்றி யாருமே எங்களுக்குச் சொன்னதில்லை டாக்டர். அம்மாவைப் பக்கத்தில் உட்காரவைத்து எல்லாவற்றையும் படித்துக் காட்டினேன். தராசு வாங்கச் சொல்லிவிட்டார். குட்டி விஷயம் மட்டும் பாக்கி.

கால்நடை_களம்
குட்டிக்கு இதே குறிப்பு ஆகாது. 1000 கிலோ கலோரிக்குக் கால்சியம் 3 கிராம் வேண்டும், வளர்ந்த நாயைவிட இரண்டு மடங்குக்கு மேல். பாஸ்பரஸும் கூடவே ஏற வேண்டும், ஆகவே ஓட்டுப் பொடியை மட்டும் கூட்டினால் கணக்கு இடிக்கும். கூடினாலும் ஆபத்து. ராஜபாளையம், கிரேட் டேன் மாதிரி பெரிய ஜாதிக் குட்டிகளுக்குக் கால்சியம் அதிகமானால் எலும்பு வளர்ச்சியே கோணலாகும். "குட்டிக்குச் சத்து" என்று டானிக் பாட்டில் பாட்டிலாக ஊற்றுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

என் யோசனை: வளர்ச்சி முடியும்வரை, சுமார் ஒரு வயது வரை, குட்டிகளுக்கான முழுமையான பாக்கெட் தீனியை அடிப்படையாக வையுங்கள். அம்மா சமைப்பதிலிருந்து, மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கு மட்டும் அதன் மேல் வையுங்கள், வெந்த முட்டை, கோழி, பூசணி. சுவையும் பழகிவிடும். முழுக்க வீட்டுச் சாப்பாடுதான் வேண்டும் என்றால் கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு ஒரு முறை கொண்டுபோங்கள், சென்னை வேப்பேரி உங்களுக்குத் தூரம், நெல்லையில் ராமையன்பட்டிக் கல்லூரி இருக்கிறது. குட்டியின் எடைக்கும் வயதுக்கும் தனியாக எழுதி வாங்கி, எடை ஏற ஏற மாற்றிக்கொண்டே வர வேண்டும்.

பரங்கிமலை
குட்டிக்குப் பாக்கெட் என்று டாக்டர் சொன்னதில் எனக்கு மகிழ்ச்சி. துத்தநாகக் கணக்கைப் படித்தபின் நானும் என் ராத்திரிப் பாதியை மாற்றப் போகிறேன், அதில் வெறும் கோழி நெஞ்சுக்கறிதான் போகிறது.

கரிசல்காடு
சரி, முடிவு செய்துவிட்டோம். பெரியவனுக்கு அக்காவின் குறிப்பு, வாரம் இரண்டு நாள் ஆட்டுக்கறி, சனிக்கிழமை டாக்டரிடம் காட்டித் துத்தநாகமும் பொடியும் எழுதி வாங்குவது. குட்டிக்குப் பாக்கெட். கடைசியாக ஒன்று, நாளையே முழுதாக மாற்றலாமா? மொத்தமாகச் சமைத்து ஃபிரிட்ஜில் வைக்கலாமா?

மணிமுத்தாறு
நாளையே வேண்டாம். இப்போது போடும் சாப்பாட்டில் கால் பங்கைக் குறைத்துப் புதியதைக் கால் பங்கு சேருங்கள். மலம் கெட்டியாக இருக்கிறதா என்று பார்த்து, ஒரு வாரம் பத்து நாளில் முழுதாக மாற்றுங்கள். ஈரலும் மத்தியும் அவனுக்குப் புதுசு, அவற்றைக் கடைசியில், ஒவ்வொன்றாகச் சேருங்கள். ஏதாவது ஒத்துக்கொள்ளாமல் போனால் எது என்று தெரியும்.

சமைத்ததை ஆறியவுடன் டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் வைத்தால் மூன்று நாள் தாங்கும், அதற்கு மேல் என்றால் ஒவ்வொரு நாள் பங்காகப் பிரித்து ஃபிரீசரில். சித்திரை வெயிலில் தட்டில் மீந்ததை அரை மணியில் எடுத்துவிடுங்கள். எண்ணெய், ஓட்டுப் பொடி, வைட்டமின் பொடி மூன்றையும் மொத்தமாகக் கலந்து வைக்காமல், தட்டில் வைக்கும்போது அன்றன்றைக்கு அளந்து போடுங்கள்.

கால்நடை_களம்
இப்போதே அவன் வாயோரத்தையும் முழங்கையையும் ஒரு படம் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். துத்தநாகம்தான் காரணம் என்றால் ஆறு வாரத்துக்குள் வித்தியாசம் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் தோலைச் சுரண்டி மறுபடி பரிசோதிக்கவும், தைராய்டு பார்க்கவும் சொல்லுங்கள். படத்தை இங்கேயும் போடுங்கள், பார்க்கிறேன்.